ஊணும் உளமும்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்த மேடையிலே என்னிலும் வயதிலும் அறிவிலும் மூத்தவர்கள் சமயத்தைப் பற்றியும் இலக்கியத்தைப் பற்றியும் அரிய உரைகளை நிகழ்த்தியிருக்கின்றார்கள். நானோ பல்கலைக்கழகத்தில் இன்னும் படித்துக்கொண்டிருப்பவன். அதிலும் வைத்தியம் படிப்பவனல்லன். எதைப் பற்றிப் பேசப் போகிறீர் என்று செயலாளர் அவர்கள் கேட்டபோது, "சாப்பாட்டைப் பற்றி" என்றேன். அவர் சிரித்துவிட்டார். சிரிப்புக்கு இடமான பொருள்தான். ஆனால் கடந்த சில ஆண்டுகளாக, சாப்பாட்டு வேளை வருகின்றது என்றாலே எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் நெஞ்சு பதறியது. அந்தப் பதற்றத்திலிருந்து நான் கற்றுக்கொண்டதையே இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

என் சின்னம்மாவின் மகள் ஒருத்தி இருக்கிறாள். எனக்குத் தங்கை முறையானவள். அவளுடைய சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறேன். "என்ர பேரையும் சொல்லவேண்டாம், நிறையையும் சொல்லவேண்டாம்; மற்றதெல்லாம் சொல்லுங்கோ அண்ணா" என்று அவள் எனக்கு நிபந்தனை விதித்திருக்கிறாள். நிறையை ஏன் சொல்லக்கூடாது என்பதைப் பின்னர் விளக்குவேன்.

அவளுக்கு அப்போது வயது பதினாறு. வகுப்பில் முதலாம் பிள்ளை. ஒரு கலியாண வீட்டில் யாரோ ஒருவர், "பிள்ளை நல்லாய்ப் பூசிவிட்டாள்" என்று சொன்னார். வேண்டுமென்று சொன்ன வார்த்தையன்று. எங்கள் ஊரில் அன்பாகவும் சொல்லுவார்கள். அன்றிரவு அவள் சோறு வேண்டாமென்றாள். சில வாரங்களில் இரவுச் சாப்பாடு நின்றது. பிறகு பாலும் சீனியும் நின்றன. ஐப்பசியில் கந்தசஷ்டி வந்தது. ஆறு நாளும் கடும் விரதம் இருந்தாள். ஏழாம் நாட் காலையில் எல்லாரும் பாரணை செய்தார்கள். அவள் இலையில் இரண்டு பிடி அளைந்துவிட்டு எழுந்தாள். அந்தப் பிள்ளைக்கு விரதம் முடியவேயில்லை. எவரும் அதைக் கவனிக்கவுமில்லை. "எவ்வளவு பக்தியான பிள்ளை!" என்று அயலார் மெச்சினார்கள். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்த நானும், "எங்களால் ஏலாததை நீ செய்கிறாய்" என்று பாராட்டினேன். இன்று நினைத்தாலும் அந்த வார்த்தை என் நெஞ்சைச் சுடுகின்றது.

பங்குனி வெயிலில் அவள் கம்பளிச் சட்டை அணிந்திருந்தாள். சீப்பிலே மயிர் கொத்துக் கொத்தாக வந்தது. வீட்டார் முதலில் வயிற்றுப்புண் என்றார்கள், பிறகு கண்ணூறு என்றார்கள், நூலும் கட்டினார்கள். கடைசியில் ஒருநாள் கோயில் வீதியிலே மயங்கி விழுந்தாள். வைத்தியசாலையில் நாடியைப் பிடித்துப் பார்த்த வைத்தியர், அந்த நிமிடமே அவளைக் கட்டிலில் படுக்கவைத்து, "இனி இவர் என் அனுமதியின்றி எழுந்து நடக்கக்கூடாது" என்றார். அன்றுதான் இது ஒரு வியாதி என்பதை நாங்கள் அறிந்தோம்.

பெரியோர்களே, இந்த வியாதி புதியதன்று. 1689ஆம் ஆண்டிலேயே இலண்டன் வைத்தியர் றிச்சாட் மோட்டன், காய்ச்சலோ இருமலோ இன்றி, மனத்துயரினால் உணவை விட்டு எலும்பும் தோலுமாகிய ஒரு பெண்ணைப் பற்றி எழுதிவைத்தார். 1873ஆம் ஆண்டில், இலண்டனில் சேர் வில்லியம் கல் என்பவரும், பாரிசில் சாள்ஸ் லசேக் என்பவரும் ஏறக்குறைய ஒரே காலத்தில் இந்நோயை விளக்கினர். கல் இட்ட 'அனொரெக்சியா நேர்வோசா' என்னும் பெயரே இன்றும் வழங்குகின்றது. நரம்பு சார்ந்த பசியின்மை என்பது அதன் பொருள். பெயர் நிலைத்துவிட்டது, ஆனால் அது முற்றும் பொருத்தமான பெயரன்று. இந்நோயாளிக்குப் பசி இல்லாமலில்லை. பசி இருக்கிறது, அதைக் கண்டு அச்சமும் இருக்கிறது. உண்டால் பெருத்துவிடுவேன் என்னும் அச்சம், மெலிந்து எலும்பு தெரியும் நிலையிலும் அவளை விட்டு நீங்குவதில்லை.

இதற்கு உடன்பிறந்த நோய்கள் வேறும் உண்டு. 1979ஆம் ஆண்டில் இலண்டனைச் சேர்ந்த ஜெறல்ட் றசல் என்னும் மனநோய் வைத்தியர், 'புலிமியா நேர்வோசா' என்னும் நோயை முப்பது நோயாளரைக் கொண்டு விளக்கினார். இவர்கள் ஒரு வேளையில் தம்மை அடக்கமுடியாமல் அளவின்றி உண்பார்கள்; பின்னர் வெட்கமும் பயமும் மேலிட, உண்டதை எவ்வகையிலேனும் வெளியேற்ற முயல்வார்கள். இவர்களுட் பலர் பார்வைக்குச் சாதாரண உடல்வாகுடையவர்கள். ஆதலால் அருகிலிருப்பவர்களுக்கும் நோய் தெரியாது. மூன்றாவது வகையினர் அளவின்றி உண்பார்கள், வெளியேற்றமாட்டார்கள், தனிமையில் உண்டு தனிமையில் வருந்துவார்கள். இதனை 1959ஆம் ஆண்டிலேயே அல்பேட் ஸ்டங்காட் என்னும் அமெரிக்க வைத்தியர் எடுத்துக்காட்டினார். எனினும் அமெரிக்க மனநோய் வைத்தியர் சங்கத்தின் நோய்த்தொகுப்பில் அது தனி நோயாக இடம்பெற்றது 2013ஆம் ஆண்டிலேதான்.

புலிமியா என்னும் கிரேக்கச் சொல்லுக்கு 'எருதுப் பசி' என்பது பொருள். இதைப் படித்தபோது எனக்கு மணிமேகலைக் காப்பியம் நினைவுக்கு வந்தது. அங்கே காயசண்டிகை என்பவள் முனிவர் சாபத்தினால் எவ்வளவு உண்டாலும் தீராத பசியோடு பன்னிரண்டு ஆண்டு அலைகின்றாள். அந்த நோய்க்கு நம் முன்னோர் இட்ட பெயர் 'யானைத்தீ'. அவர்கள் எருதென்றார்கள்; நாம் யானை என்றோம். காயசண்டிகைக்கு இருந்தது இந்நோய்தான் என்று நான் சாதிக்க வரவில்லை. ஆனால் கதையை எண்ணிப் பாருங்கள். அவளைப் 'பெருந்தீனிக்காரி' என்று எவரும் ஏசி அந்த நோயைத் தீர்க்கவில்லை. மணிமேகலை அமுதசுரபியை ஏந்திவந்து தன் கையால் உணவிட்டாள், நோய் தீர்ந்தது. அந்தப் பாத்திரம் கிடைத்த மணிபல்லவத்தை நமது நயினாதீவென அறிஞர் பலர் கொள்வர். ஆகவே அந்தக் கதையில் நமக்கும் சிறிது உரிமை உண்டு.

இந்நோய்களை அற்பமாக எண்ணவேண்டாம். உணவு குறையக் குறைய இருதயத் துடிப்பு மந்தமாகும், இரத்த அழுத்தம் வீழும், மாதவிடாய் நின்றுவிடலாம், இளவயதிலேயே எலும்பு நலியும். அடிக்கடி வாந்தியெடுப்பவர்களுக்குப் பல்லின் மேற்பூச்சு அரித்துப்போகும். இரத்தத்தில் பொற்றாசியம் குறைந்து இருதயம் திடீரென நின்றுவிடவும் கூடும். 1983ஆம் ஆண்டில் அமெரிக்கப் பாடகி கறன் காப்பென்டர் 32ஆம் வயதில் இந்நோயின் விளைவாக இருதயம் செயலிழந்து இறந்தபோதுதான் உலகத்தின் பல பாகங்களிலும் சாதாரண மக்கள் இதன் பெயரைக் கேள்வியுற்றார்கள். 2011ஆம் ஆண்டில் பல ஆய்வுகளை ஒருங்கே தொகுத்து வெளியான ஒரு கணிப்பு, அனொரெக்சியா நோயாளரின் மரணவீதம் மற்றவர்களுடையதிலும் ஏறக்குறைய ஆறு மடங்கு என்று காட்டிற்று. இறந்தவர்களுள் ஐவரில் ஒருவர் தம்முயிரைத் தாமே போக்கிக்கொண்டவர். இது செல்லப் பிள்ளைகளின் பிடிவாதமன்று என்பதற்கு இதனைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

இனி, என் அறிவுக்கண்ணைத் திறந்த ஒரு பரிசோதனையைக் கூற விரும்புகிறேன். இரண்டாம் உலக யுத்தத்தின் இறுதிக் காலம். ஐரோப்பாவில் இலட்சக்கணக்கானோர் பட்டினியால் வாடினர். அவர்களுக்கு எவ்வாறு மீண்டும் உணவூட்டுவது என்பதை அறிய, அமெரிக்காவிலே மினசோட்டாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அன்செல் கீஸ் என்னும் விஞ்ஞானி 1944ஆம் ஆண்டு நவம்பரில் ஓர் ஆய்வைத் தொடங்கினார். மனச்சாட்சி காரணமாக ஆயுதமேந்த மறுத்த வாலிபர் 36 பேர் தாமாகவே முன்வந்தனர். உடலிலும் மனத்திலும் திடமானவர்கள் என்று சோதித்தே அவர்களைத் தெரிந்தெடுத்தனர். முதல் மூன்று மாதம் வழக்கமான உணவு. அடுத்த ஆறு மாதம் உருளைக்கிழங்கும் பாணும் மக்கரோனியுமாக, நாளுக்கு இரு வேளை, அரைவயிற்று உணவு. அவர்கள் உடல் நிறையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கை இழந்தார்கள்.

உடல் மெலிந்தது அதிசயமன்று. மனத்துக்கு நேர்ந்ததுதான் அதிசயம். அவர்களுக்கு உணவைத் தவிர வேறு சிந்தனையில்லாமற் போயிற்று. சமையற் புத்தகங்களைத் தேடிச் சேர்த்தார்கள். கோப்பையிலுள்ள சிறிதளவு உணவைத் துண்டுதுண்டாக்கி, தண்ணீர் சேர்த்து, நெடுநேரம் வைத்து உண்டார்கள். கோடைகாலத்தில் போர்வை கேட்டார்கள். நண்பரோடு பேச மனமில்லை, காதலில் நாட்டமில்லை, சிரிப்பில்லை. எடுத்ததற்கெல்லாம் எரிந்து விழுந்தார்கள். சிலர் இரகசியமாக வாங்கி உண்டுவிட்டு, குற்றவுணர்வால் அழுதார்கள். இவர்களுள் எவருக்கும் மெலியவேண்டும் என்ற ஆசை முன்னர் இருந்ததில்லை. பட்டினி ஒன்றே இவ்வளவையும் செய்தது.

இதைப் படித்தபோது என் தங்கை என் கண்முன் வந்து நின்றாள். அவளும் சமையற் குறிப்புகளைக் கொப்பியில் எழுதிச் சேர்த்தாள், வீட்டாருக்கெல்லாம் விதவிதமாகச் சமைத்து வற்புறுத்தி உண்ணவைத்தாள், தான் உண்ணவில்லை. ஓர் இடியப்பத்தை இழை இழையாகப் பிரித்து ஒரு மணிநேரம் உண்டாள். சிநேகிதிகளை விட்டு விலகினாள். நாங்கள் இவற்றையெல்லாம் அவளுடைய குணக்கேடு என்று எண்ணியிருந்தோம். இவற்றுட் பெரும்பகுதி பட்டினியின் குணம், அவளுடைய குணமன்று, என்பதை அன்றுதான் விளங்கிக்கொண்டேன். நான் அவளோடு மணிக்கணக்காக நியாயம் பேசியிருக்கிறேன். பசித்த மூளையோடு நியாயம் பேசுவது, காய்ச்சற்காரனைப் பார்த்து 'நடுங்காதே' என்று கட்டளையிடுவதைப் போன்றது.

இன்னொன்றையும் அந்தப் பரிசோதனை கற்பித்தது. மூன்றாம் கட்டத்தில் அவர்களுக்கு உணவு கூட்டிக் கொடுக்கப்பட்டது. ஆனால் உடனே சுகம் வரவில்லை. பலருக்குப் பசி அடங்கவே பல மாதம் சென்றது. உடல் தேறிய பின்னரே மனம் மெல்லத் தேறிற்று. ஆகவே, 'முதலில் மனம் மாறட்டும், பிறகு உண்பாள்' என்று காத்திருப்பது தவறு. முதலில் உணவு, மனம் அதன் பின்னாலே வரும்.

இந்நோய் யாருக்கு வருகின்றது, ஏன் வருகின்றது என்று கேட்பீர்கள். பெண்பிள்ளைகளிடம் மிகுதி, ஆயினும் ஆண்பிள்ளைகளுக்கும் வரும். உடற்பயிற்சிக் கூடத்தில் மணிக்கணக்காகத் தம்மை வருத்தும் இளைஞர் சிலரையும் இந்தக் கண்கொண்டு பார்க்கவேண்டும். பிறவிக்கூறும் இதில் உண்டு. ஏறக்குறைய 17,000 நோயாளரின் பரம்பரை அலகுகளை ஆராய்ந்து 2019ஆம் ஆண்டில் வெளியான பெரும் ஆய்வொன்று, இந்நோயோடு தொடர்புடைய எட்டு இடங்களைக் கண்டறிந்தது. அவை மனத்தோடு மாத்திரமன்றி, உடல் உணவைப் பயன்படுத்தும் முறையோடும் தொடர்புடையனவாகத் தோன்றின. ஆகவே தாய் வளர்த்த வளர்ப்பினால் வந்தது என்று ஒரு தாயைக் குற்றஞ்சாட்டுவது அநியாயம். என் சின்னம்மா அந்த வார்த்தையைக் கேட்டு எத்தனையோ இரவு அழுதிருக்கிறார்.

எனினும், பிறந்த விதை முளைப்பதற்கு நிலமும் நீரும் வேண்டுமல்லவா? பீஜித் தீவில் நடந்ததைக் கேளுங்கள். பூர்வீகப் பீஜிய மக்கள் திடமான உடலையே அழகென்று கொண்டவர்கள். ஒருவர் மெலிந்தால், அவரைக் கவனிப்பாரில்லையோ என்று ஊரே கவலைகொள்ளும். 1995ஆம் ஆண்டில் நட்றோகா என்னும் பகுதிக்குத் தொலைக்காட்சி வந்தது. அமெரிக்காவின் ஹாவாட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆன் பெக்கர் என்பவர் அவ்வாண்டிலும், மீண்டும் 1998ஆம் ஆண்டிலும் அங்குள்ள பாடசாலைப் பெண்பிள்ளைகளை ஆராய்ந்தார். நிறையைக் குறைப்பதற்காக வாந்தியெடுத்ததாகச் சொன்னவர்கள் முதல் ஆண்டில் ஒருவருமில்லை. மூன்று ஆண்டின் பின் நூற்றுக்குப் பதினொருவர். தொலைக்காட்சி ஒன்றே காரணமென்று முடிவுகட்ட இயலாது. ஆனால் இது வெள்ளைக்காரருடைய நோய், பணக்காரருடைய நோய், நம்மை அணுகாது என்று சொல்லிக்கொண்டிருப்பவர்களுக்கு இது தக்க விடை. அன்று ஒரு வீட்டுக்கு ஒரு பெட்டி. இன்று ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு கைத்தொலைபேசி. அதிலே பகலும் இரவும் பிறருடைய உடலோடு தன் உடலை ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம்.

இந்து வாலிபர் சங்கத்தில் பேசும் நான் விரதத்தைப் பற்றிச் சொல்லாமற் போனால் கோழையாவேன். விரதத்தைக் குறைகூற நான் வரவில்லை. நான் பயின்றது மிசன் பாடசாலை. அங்கே என் கத்தோலிக்க நண்பர்கள் தவக்காலத்தில் ஒருசந்தி பிடிப்பார்கள். நான் கந்தசஷ்டி பிடிப்பேன். ஒருவரையொருவர் கேலியும் செய்வோம், மதிக்கவும் செய்வோம். இரண்டையும் அருகருகே கண்டதனால் ஓர் உண்மை எனக்குத் தெளிவாயிற்று. எந்தச் சமயத்தின் நோன்புக்கும் ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் உண்டு. முடிவிலே பாரணை உண்டு, பெருநாள் உண்டு. அந்த உணவை மகிழ்ச்சியோடு பலரோடு கூடி உண்ணவேண்டும். நோயாளிக்கும் சிறுவருக்கும் விலக்கும் உண்டு. நோன்பிலே மனம் கடவுளிடம் செல்கின்றது. இந்நோய்க்கோ பாரணையே இல்லை. மனம் நிறை பார்க்கும் தராசை விட்டு அசைவதில்லை. தனிமையும் பொய்யும் அதற்குத் துணை. ஒரு பிள்ளை விரதம் பிடிக்கின்றாள் என்றால், 'எத்தனை நாள் பிடித்தாள்?' என்று மெச்சுவதோடு நில்லாமல், 'பாரணையன்று உண்டாளா?' என்றும் பெரியோர் கவனிக்கவேண்டும். நோய் உற்றவளோ, அதிலிருந்து மீண்டுகொண்டிருப்பவளோ, வைத்தியர் சம்மதமின்றி விரதம் பிடிக்கலாகாது. அதற்கு எந்தச் சாத்திரமும் தடையன்று.

இனி மீளும் வழிக்கு வருவோம். சேர் வில்லியம் கல் 1873ஆம் ஆண்டில் இரண்டு கருத்துகளைச் சொன்னார். ஒன்று, நோயாளியின் விருப்பு வெறுப்புக்கு விடாமல் வேளாவேளைக்கு உணவு கொடுக்கவேண்டும் என்பது. அது இன்றும் சரியானதே. மற்றது, அவரைப் பராமரிப்பதற்கு உறவினர்கள் பெரும்பாலும் தகாதவர்கள் என்பது. அந்தக் கருத்து நூறு ஆண்டுக்கு மேலாக ஆட்சி செய்தது. பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரித்தே வைத்தியம் செய்தார்கள். இலண்டன் மோட்ஸ்லி வைத்தியசாலையில், மேலே நான் குறிப்பிட்ட றசலும் அவருடைய துணைவர்களும் இதற்கு மாறான வழியைச் சோதித்தார்கள். 1987ஆம் ஆண்டில் வெளியான அவர்களுடைய ஆய்வு, பதினெட்டு வயதுக்குள் நோய் தொடங்கி மூன்று ஆண்டைக் கடக்காதவர்களுக்கு, குடும்பத்தையே துணையாகக் கொண்ட வைத்தியம் கூடிய பலன் தருகின்றது என்று காட்டிற்று. தகாதவர்கள் என்று தள்ளிய தாயும் தந்தையுமே சிறந்த தாதியரானார்கள்.

என் தங்கைக்கும் அவ்வாறே நடந்தது. முதற் சில வாரம் வைத்தியசாலையில் இருந்தாள். இங்கே ஓர் எச்சரிக்கை. நெடுநாட் பட்டினி கிடந்தவருக்கு ஆசையோடு திடீரென நிறைய உணவு கொடுப்பது ஆபத்து. இரத்தத்தில் பொசுபரசு உப்புக் குறைந்து உயிருக்கே மோசம் வரலாம். ஆதலால் தொடக்கத்தில் இரத்தத்தைச் சோதித்துச் சோதித்து, வைத்தியர் மேற்பார்வையிலேயே படிப்படியாகக் கூட்டவேண்டும். வீட்டுக்கு அனுப்பும்போது வைத்தியர் சின்னம்மாவிடம் சொன்னார்: "அம்மா, நோய் வேறு, பிள்ளை வேறு. பிள்ளையோடு கோபிக்காதீர்கள், நோய்க்கு இடங்கொடாதீர்கள். இவருக்குச் சோறுதான் மருந்து. குளிகையைப் போல வேளை தவறாமல் கொடுங்கள்."

சொல்வது எளிது. சின்னம்மா வேலையில் நீண்ட லீவு எடுத்தார். மூன்று நேரச் சாப்பாடு, இடையில் மூன்று சிற்றுண்டி. ஒவ்வொரு நேரமும் யாராவது ஒருவர் கூடவே இருந்தோம். அரை நீத்துப் பெட்டிப் பிட்டுக்கும் கத்தரிக்காய்க் கறிக்கும் முன்னால் அவள் இரண்டு மணிநேரம் அழுதுகொண்டிருப்பாள். ஒருநாள் கோப்பையைத் தூக்கி எறிந்தாள். சித்தப்பா கோபக்காரர் என்று ஊரறியும். அவர் ஒன்றும் பேசாமல் நிலத்தைக் கூட்டிவிட்டு, வேறொரு கோப்பையில் அதே அளவு பிட்டை வைத்து, "நான் இருக்கிறன், நீ ஆறுதலாய்ச் சாப்பிடு பிள்ளை" என்று பக்கத்தில் அமர்ந்தார். எனக்குத் தெரிந்தவரையில் அவருடைய வாழ்நாளில் அவர் செய்த பெருந்தவம் அதுதான்.

உடல் ஓரளவு தேறிய பின்னரே, உணவைத் தானே தெரியும் பொறுப்பைச் சிறிது சிறிதாக அவளிடம் திருப்பிக் கொடுத்தார்கள். அதன் பிறகு மனநல வைத்தியரோடு உரையாடல். வயதுவந்த நோயாளருக்கும் புலிமியா உடையவர்களுக்கும், எண்ணங்களையும் பழக்கங்களையும் ஒழுங்காக ஆராய்ந்து மாற்றும் உளச்சிகிச்சை பயன்தருகின்றது. ஒக்ஸ்போட்டைச் சேர்ந்த கிறிஸ்தோபர் ஃபெயர்பேண் என்பவர் அதனை நன்கு வகுத்துக் கொடுத்திருக்கிறார். புலிமியா நோயாளர் நாள் முழுவதும் பட்டினி கிடந்து இரவில் அளவிறந்து உண்பதுண்டு. வேளாவேளைக்கு ஒழுங்காக உண்ணப் பழகுவதே அவர்களுக்கும் முதற்படி.

எவ்வளவு காலம் செல்லும்? உண்மையைச் சொல்லவேண்டும்: நெடுங்காலம் செல்லலாம். அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் இந்நோயுற்ற பெண்கள் பலரை 22 ஆண்டு வரை தொடர்ந்து கவனித்து, 2017ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். அனொரெக்சியா நோயாளருள் ஒன்பது ஆண்டளவில் சுகமடைந்திருந்தவர் நூற்றுக்கு 31 பேர். 22 ஆண்டளவில் ஏறக்குறைய 63 பேர். இந்த இரு எண்களையும் நான் என் கொப்பியில் எழுதிவைத்திருக்கிறேன். ஒன்பதாம் ஆண்டில், 'இனி இவளுக்குச் சுகம் வராது' என்று கைவிட்டிருந்தால் அந்த மற்ற 32 பேர் என்னாவார்கள்? நோய் இடையிடையே திரும்பியும் வரும். அது தோல்வியன்று. விட்ட இடத்திலிருந்து மீண்டும் தொடங்கவேண்டியதுதான்.

இளைஞர்களே, நாம் செய்யக்கூடியவை என்ன? முதலாவது, பிறருடைய உடலைப் பற்றிப் பேசும் பழக்கத்தை விடுவோம். 'கொழுத்துவிட்டாய்' என்பதும் வேண்டாம். 'மெலிந்து அழகாகிவிட்டாய்' என்பதும் வேண்டாம். தேறிவருபவளைப் பார்த்து 'இப்போது நன்றாய் வந்துவிட்டாய்' என்பதுகூட அவள் காதில் 'பெருத்துவிட்டாய்' என்றே விழும். என் தங்கை தன் நிறையைச் சொல்லவேண்டாம் என்றதன் காரணமும் இதுவே. இந்நோயுற்ற ஒருத்தி இந்த மண்டபத்திலே இருந்தால், நான் சொல்லும் எண்ணை அவள் பந்தயமாக எடுத்துக்கொள்வாள். இரண்டாவது, அறிகுறிகளைக் காணுங்கள்: கூடியிருந்து உண்ண மறுத்தல், உண்டவுடன் எழுந்து மறைதல், ஓயாத உடற்பயிற்சி, வெயிலிலும் குளிர், கலகலப்பாயிருந்தவர் ஒதுங்குதல். மூன்றாவது, கண்டால் ஊரெல்லாம் பேசாமல், தனிமையில் அன்பாகக் கேளுங்கள். 'ஏன் சாப்பிடுகிறாயில்லை?' என்று விசாரணை செய்யவேண்டாம். 'நீ முந்தியைப் போல இல்லை. எனக்குக் கவலையாக இருக்கிறது' என்று சொல்லுங்கள். இரகசியம் காப்பதாகச் சத்தியம் செய்யாதீர்கள். பெற்றோருக்கும் வைத்தியருக்கும் தெரியவேண்டிய நோய் இது. மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, உயிரை வெறுக்கும் பேச்சு என்பவற்றைக் கண்டால் ஒரு நாளும் தாமதியாமல் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்திலும் பேசலாம்.

பெரியோர்களே, உங்களிடமும் ஒரு விண்ணப்பம். மனநல வைத்தியரிடம் சென்றால் பிள்ளைக்குக் கலியாணம் பேசமுடியாது என்று அஞ்சி, நூல் கட்டியே மாதங்களைக் கடத்திவிட்டோம் நாங்கள். நூலும் இருக்கட்டும்; வைத்தியமும் நடக்கட்டும். இந்நோயில் நாளைக் கடத்துவதுதான் பெரும் ஆபத்து.

என் தங்கை முற்றும் சுகமடைந்துவிட்டாள் என்று நான் சொல்லமாட்டேன். சில நாட்களில் இன்னும் அந்தப் பயம் வருகின்றது. வரும்போது சின்னம்மாவிடம் சொல்லுகின்றாள். முன்பு மறைத்தாள், இப்போது சொல்லுகின்றாள். அதுவே பெரிய மாற்றம். சென்ற கந்தசஷ்டியின்போது நான் வீட்டிலிருந்தேன். பாரணைக் காலையில் அவள் அடுப்படியில் நின்று எல்லாருக்கும் பரிமாறினாள். பரிமாறிவிட்டுத் தன் இலையையும் போட்டுக்கொண்டு என்னருகில் அமர்ந்தாள். "இந்த முறை நான் விரதம் பிடிக்கேல்லை அண்ணா. முருகன் கோவிக்கமாட்டார்தானே?" என்று கேட்டாள். கோவிக்கமாட்டார் என்றேன். சோற்றைப் பிசைந்து உண்ணத் தொடங்கினாள். நானும் உண்டேன்.